பட்டாளத்துப் போட்டோவில் இருப்பது எந்த த்ரீ நாட் த்ரீ? அடையாளம், உள்ளமைப்பு, கோளாறுகள்

கேள்வி: கணியம்பாடி வாசகன்

வணக்கம். வேலூருக்குத் தெற்கே கணியம்பாடி, கம்மவான்பேட்டை வட்டாரத்துல வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரங்க உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். அந்தக் குடும்பங்கள்ல இருக்கிற பழைய போட்டோக்களை வாங்கிப் பெரிசுபண்ணி, ஊர் நூலகச் சுவர்ல மாட்டறதா ஏற்பாடு. ஒவ்வொரு படத்துக்கும் கீழே நாலு வரிக் குறிப்பு வைக்கணும். ஆளைப் பத்தி குடும்பத்துக்காரங்க சொல்லிடுறாங்க. கையில இருக்கிற துப்பாக்கியைக் கேட்டா எல்லாருமே "த்ரீ நாட் த்ரீ"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுறாங்க. ஆனா நாலு படத்துல நாலு மாதிரி இருக்கு.

முதல் படம் ஸ்டூடியோவுல எடுத்தது, தலைப்பாகை கட்டின சிப்பாய். துப்பாக்கி நுனி வரைக்கும் மரம் மூடியிருக்கு, நுனியில ரெண்டு காது மாதிரி நீட்டிக்கிட்டிருக்கு. இரண்டாவதுல நுனியில கொஞ்சம் வெறுங்குழல் வெளியே தெரியுது. மூன்றாவதுல முன்கட்டை முழுக்கக் கம்பி சுத்தியிருக்கு, அது உடைஞ்சு கட்டினதா? நான்காவது கலர் போட்டோ, 70களா இருக்கலாம். முதல் படத்துல உள்ளது மாதிரியேதான் இருக்கு, ஆனா அடியில இருக்கிற மேகசின் சதுரப் பெட்டி மாதிரி இருக்கு.

இது எந்தெந்த மாடல், எந்த வருஷத்தது, ஏன் இத்தனை வருஷம் ஓடுச்சு, இதுல என்ன குறை, எல்லாத்தையும் தெரிஞ்சவங்க சொன்னா நல்லது. பள்ளிக்கூடப் பிள்ளைங்க படிக்கப்போற பலகை, தப்பா எழுதிடக்கூடாது.

—

பதில்: அகழிக்கரை

நாம் த்ரீ நாட் த்ரீ என்று சொல்வது லீ-என்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ் துப்பாக்கியை. அதைப் போட்டோவில் அடையாளம் காண மூக்கை, அதாவது குழலின் நுனியை, பார்த்தாலே போதும். மற்றதெல்லாம் அதற்கப்புறம்.

உங்கள் முதல் படம் எஸ்.எம்.எல்.ஈ., அதாவது குட்டை மேகசின் லீ-என்ஃபீல்ட். மரம் குழலின் நுனி வரை வந்து, மொட்டையான இரும்பு மூடியில் முடியும். அதன் மேல் நிற்கும் இரண்டு காதுகள் முன்குறியை அடிபடாமல் காக்க. குழல் வாய்க்கு நேர் கீழே ஒரு சிறு குமிழ் நீட்டிக்கொண்டிருக்கும், பயனெட்டின் (நுனியில் மாட்டும் குத்துக்கத்தி) வளையம் அதில்தான் மாட்டும். பயனெட் குழலைத் தொடாமல் மூக்கு மூடியிலேயே நிற்பதால் குழலின் அதிர்வு மாறாது. பயனெட் மாட்டியிருந்தால் அதையும் பாருங்கள்: 1907 மாதிரி, 17 அங்குல அலகு, சின்ன வாள் போலவே இருக்கும். 12 அங்குலமாகக் குறுக்கிய பயனெட் என்றால் அது இரண்டாம் உலகப்போர்க் கால இந்திய வேலை.

வரிசை இப்படி: 1888இல் லீ-மெட்ஃபோர்ட், 1895இல் நீளமான லீ-என்ஃபீல்ட், 1903இல் குட்டை மார்க் 1, 1907 ஜனவரியில் மார்க் 3. 1903க்கு முன் காலாட்படைக்கு நீளத் துப்பாக்கி, குதிரைப்படைக்குக் குட்டைக் கார்பைன் என்று இரண்டு வகை. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்குப் பிறகு இரண்டையும் ஒன்றாக்கி, எல்லாருக்கும் 25.2 அங்குலக் குழல் என்று முடிவு செய்தார்கள். மொத்த நீளம் 44.5 அங்குலம், எடை ஏறக்குறைய 3.9 கிலோ. பிறகு 1926இல் பெயரை மாற்றி "நம்பர் 1 மார்க் 3" என்றார்கள். பெயர் மட்டும்தான் மாறியது, துப்பாக்கி அதேதான்.

மார்க் 3க்கும் மார்க் 3 ஸ்டாருக்கும் வித்தியாசம் காண, படத்தில் துப்பாக்கியின் இடப்பக்கம் தெரிய வேண்டும். முன்கட்டையின் இடப்பக்கம் ஒரு சிறிய வட்டத் தகடும் முள்ளும் இருந்தால் அது பழைய மார்க் 3. ஒரு கம்பெனியே சேர்ந்து மிகத் தொலைவில் இருக்கும் கூட்டத்தின் மீது சுடுவதற்கான குறி அது. பதுங்குகுழிப் போரில் அதற்கு வேலையே இல்லை. 1916 தொடக்கத்தில் அதையும், மேகசினை மூடும் தகட்டையும், பின்குறியைப் பக்கவாட்டில் நகர்த்தும் திருகையும் எடுத்துவிட்டு, சீக்கிரம் செய்து தள்ளுவதற்காக வந்ததுதான் மார்க் 3 ஸ்டார். ஒரு எச்சரிக்கை: வட்டத் தகடு இருப்பதால் படம் 1916க்கு முந்தையது என்று எழுதிவிடாதீர்கள். பழைய துப்பாக்கிகள் பல வருஷம் கையில் இருந்தன. துப்பாக்கியை வைத்து "இந்த வருஷத்துக்கு முன் இருக்க முடியாது" என்றுதான் சொல்லலாம், "இந்த வருஷத்துக்குப் பின் இருக்க முடியாது" என்று சொல்லக்கூடாது.

இரண்டாவது படம் நம்பர் 4. கனமான குழல், நுனியில் சுமார் மூன்று அங்குலம் வெளியே தெரியும். பின்குறியைக் கவனியுங்கள்: நம்பர் 1இல் அது குழலின் மேல், இடது கை பிடிக்கிற இடத்துக்கும் போல்ட்டுக்கும் (தோட்டாவைத் தள்ளிப் பூட்டும், கைப்பிடி வைத்த உருளை) நடுவே இருக்கும். நம்பர் 4இல் கண்ணுக்குப் பக்கத்தில், போல்ட்டுக்கு மேலே, ஓட்டை வைத்த குறி. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடக்கூடக் குறிவைப்பில் பிழை குறையும். புதுசாகச் சேர்ந்தவனுக்கும் ஓட்டைக்குள் பார்த்துச் சுடுவது சுலபமாகக் கைவரும். வாள் பயனெட் போய், எட்டு அங்குல ஆணி மாதிரி பயனெட் வந்தது. 1939இல் ஏற்கப்பட்டு, 1941 முதல்தான் பெருமளவில் வந்தது. வங்காளத்தில் உள்ள இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை கடைசி வரை நம்பர் 1 வடிவத்தைத்தான் செய்தது, நம்பர் 4 அங்கே செய்யவில்லை. ஆகவே அந்தத் துப்பாக்கி இங்கிலாந்து, கனடா, அமெரிக்கா மூன்றில் ஒன்றிலிருந்து வந்தது.

நுனியில் கூம்பு மாதிரி புனல் இருந்து, கட்டையின் பின்னால் ரப்பர் அட்டை இருந்தால் அது 1944இல் வந்த நம்பர் 5, காட்டுச் சண்டைக்கான குட்டைத் துப்பாக்கி. அது உங்கள் படங்களில் இல்லை போலிருக்கிறது.

மூன்றாவது உடைந்து கட்டியது அல்ல. அது குண்டு எறியும் துப்பாக்கி. குழல் வாயில் இரண்டரை அங்குலக் கிண்ணம் ஒன்றைப் பூட்டி, அதற்குள் நம்பர் 36 மில்ஸ் கையெறி குண்டை வைத்து, சன்னம் (தோட்டாவிலிருந்து பறந்து போகும் முனை) இல்லாத தோட்டாவைப் போட்டு வெடித்தால் குண்டு பறக்கும். கட்டையைத் தரையில் ஊன்றித்தான் சுடுவார்கள், தோளில் வைத்து அல்ல. அந்த உதை முன்கட்டையைப் பிளந்துவிடும் என்பதால் கம்பி சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்தார்கள். இவற்றின் மேல் "ஈ.ஒய்." என்று முத்திரை இருக்கும். நெருக்கடி நேரம் தவிர இதில் சாதாரணத் தோட்டா சுடக்கூடாது என்பது விதி.

நான்காவதைப் பற்றிப் பிறகு யாராவது விரிவாக எழுதுவார்கள். சுருக்கமாக: அது த்ரீ நாட் த்ரீயே அல்ல, 7.62 மி.மீ.

—

பதில்: ராணிப்பேட்டை ஆர்மரர்

தம்பி, மேலே சொன்ன அடையாளமெல்லாம் சரி. உள்ளே எப்படி வேலை செய்யுது, எங்கே கெடும் என்பதை நான் சொல்றேன். ஏன் இத்தனை வருஷம் ஓடுச்சுங்கிற கேள்விக்கு அதுலயே பதில் இருக்கு.

ஜேம்ஸ் பாரிஸ் லீ அமைச்ச போல்ட்டுக்குப் பூட்டு பின்பக்கம். மௌசர்ங்கிற ஜெர்மன் ரைஃபிள்ல பூட்டுக் காதுகள் போல்ட்டின் முன்நுனியில, தோட்டாவுக்கு ஒட்டி இருக்கும். லீயில வலப்பக்கம் ஒரு நீள முதுகெலும்பு, இடப்பக்கம் ஒரு சின்னக் காது, ரெண்டும் போல்ட்டின் பின்பாதியில. இதனால மூணு லாபம். கைப்பிடியை 60 டிகிரி தூக்கினாலே பூட்டு திறந்துடும், மௌசருக்கு 90 வேணும். போல்ட் பின்னால வரவேண்டிய தூரமும் குறைவு. கைப்பிடி ட்ரிக்கருக்கு நேர் மேலே மடங்கி இருக்கறதால, கண்ணைக் குறியிலிருந்து எடுக்காமலே இழுத்துத் தள்ளலாம். அதோட ஸ்பிரிங் ஏறறது மூடும்போதுதான். வெடிச்ச தோட்டாக்கூட்டை வெளியே இழுக்கிற வேலையும் ஸ்பிரிங்கை இழுக்கிற வேலையும் ஒரே அசைவுல சேராது. கூடு சூட்டுல ஒட்டிக்கிட்டாலும் திறக்கறது கஷ்டமில்ல. ஒரு நிமிஷத்துல 300 கெஜத்துல 15 ரவை குறிபார்த்துச் சுடணும்னு 1914க்கு முந்தைய பயிற்சி இருந்ததே, அதுக்கு இந்த அமைப்புதான் காரணம்.

நஷ்டமும் அதே இடத்துல இருக்கு. பூட்டு பின்னால இருந்தா, வெடிக்கும்போது போல்ட் முழுசும் கொஞ்சம் அமுங்கும், பாடி (போல்ட் ஓடுற இரும்புப் பகுதி) கொஞ்சம் நீளும். அந்த ரெண்டு பூட்டு முகமும் சமமா ஒட்டி உட்காரணும். ஒரு பக்கம் மட்டும் தாங்கினா சன்னம் ஒரு பக்கமா இழுக்கும், நாளடைவில தேய்மானமும் கூடும். அதனாலதான் போல்ட்டுக்கும் பாடிக்கும் ஒரே நம்பர் அடிச்சிருப்பாங்க. ஒரு துப்பாக்கி போல்ட்டை இன்னொண்ணுல போட்டா உள்ளே போகும், மூடும், ஆனா சரியா உட்கார்ந்திருக்காது. தேய்ச்சுப் பொருத்தின போல்ட்டைக் கலந்து போடறது இந்த ரைஃபிள்ல நடக்கிற முதல் பெரிய தப்பு.

போல்ட்டின் தலை தனித் துண்டு, மரை போட்டுக் கழட்டலாம். தோட்டாவுக்குப் பின்னால விளிம்பு இருக்கில்லையா, அந்த விளிம்பு உட்கார்ற இடைவெளிதான் ஹெட்ஸ்பேஸ். அளவுக் கட்டை ரெண்டு வச்சு பார்ப்போம்: 0.064 அங்குலக் கட்டை மேல போல்ட் மூடணும், 0.074 கட்டை மேல மூடவே கூடாது. மூடிச்சுன்னா இடைவெளி அதிகம், கூடு விளிம்புக்கு முன்னால அறுந்து, பாதி கூடு சேம்பருக்குள்ளேயே (குழல்ல தோட்டா உட்கார்ற அறை) மாட்டிக்கும். நம்பர் 4க்கு 0, 1, 2, 3ன்னு நம்பர் போட்ட தலைகள் உண்டு. தேய்ஞ்சா அடுத்த நம்பரை மாத்தினா தீர்ந்தது. நம்பர் 1க்கு அப்படி நம்பர் கிடையாது, ஒவ்வொரு தலையா எடுத்துப் பொருத்தி, தேவைன்னா தேய்ச்சுத்தான் பார்க்கணும். ரெண்டு மாடல் தலையும் ஒண்ணுக்கொண்ணு சேராது.

மழையில நனைஞ்ச தோட்டா, எண்ணெய் பூசின தோட்டா ரெண்டும் ஆகாது. காய்ஞ்ச பித்தளைக் கூடு வெடிக்கும்போது உப்பி, சேம்பர் சுவரைப் பிடிச்சுக்கும். அதனால போல்ட் மேல விழற அழுத்தம் குறையும். எண்ணெய் இருந்தா பிடிப்பு இல்லாம முழு உதையும் போல்ட் மேலயே விழும். பின்பூட்டு உள்ள துப்பாக்கிக்கு இது இன்னும் கெடுதல். சுடறதுக்கு முன்னால சேம்பரையும் குழலையும் காயத் துடைன்னு சொல்றது இதுக்காகத்தான்.

அடுத்து மரம். நம்ம வேலூர்க் கத்திரியில இந்த ரைஃபிளுக்கு வர்ற கோளாறு பாதி மரத்தாலதான். மார்க் 3ல ட்ரிக்கர், பாடியில தொங்கல, அடியில இருக்கிற ட்ரிக்கர் கார்டுல தொங்குது. கார்டு மரத்துல உட்கார்ந்திருக்கு. மே மாசம் மரம் சுருங்கினா கார்டு மேலே ஏறும், ட்ரிக்கர் இழுப்பு மாறும். ஐப்பசி மழையில மரம் ஊதினா வேற மாதிரி மாறும். இழுப்பு ரெண்டு கட்டமா வரணும்: முதல் கட்டம் மூணுலேர்ந்து நாலு பவுண்டு, ரெண்டாவது அஞ்சுலேர்ந்து ஆறு. முதல் கட்டமே இல்லாம ஒரே இழுப்புல விழுந்தா, மரத்தைப் பார்க்காம சியரை (ட்ரிக்கர் விடுவிக்கிற கொக்கி) தேய்க்க ஆரம்பிக்காதீங்க. முதல்ல முன்கட்டையைப் பிடிச்சிருக்கிற திருகு இறுகியிருக்கா, அதுக்குள்ள இருக்கிற இரும்புக் குழாய் மரத்தை விட நீளமா நிக்குதான்னு பாருங்க. மரம் சுருங்கிக் குழாய் முட்டிக்கிட்டு நின்னா, எவ்வளவு முறுக்கினாலும் பாடி மரத்துல இறுகாது. ட்ரிக்கரைப் பாடியிலேயே தொங்கவிட்டு இந்தத் தொல்லையை ஒழிச்சது 1949ல வந்த நம்பர் 4 மார்க் 2தான்.

முன்கட்டை பாடியோட ஒட்டி உதையை வாங்கற இடம் ரெண்டு பக்கமும் சின்ன முகம். அங்க மரம் நைஞ்சு போனா, ஒவ்வொரு சுடலுக்கும் பாடி மரத்துக்குள்ள பின்னால நகரும், குறி சிதறும். இஷாப்பூர் துப்பாக்கியில முன்கட்டையில குறுக்கே ஒரு திருகு பார்த்திருப்பீங்க. மரம் பிளக்காம இருக்க அவங்க தாங்களா சேர்த்தது. அந்தத் திருகைப் பார்த்தா இஷாப்பூர் கைபட்டதுன்னு சொல்லலாம்.

ஒரு விஷயம் எல்லாரும் கெடுக்கறது. பின்கட்டை ஆடுதுன்னு சொல்லி, பித்தளைத் தகட்டுக் கதவைத் திறந்து, நீளத் திருப்புளியை விட்டு உள்ளே இருக்கிற போல்ட்டை (தோட்டா தள்ளுற போல்ட் இல்ல, பின்கட்டையைப் பிடிக்கிற மரையாணி) முறுக்குவாங்க. மார்க் 3ல அந்தப் போல்ட்டின் முன்நுனி சதுரம். அது முன்கட்டைக்குப் பின்னால இருக்கிற ஒரு தகட்டுப் பிளவுக்குள்ள உட்கார்ந்து, தானா சுழலாம இருக்கும். முன்கட்டையைக் கழட்டாம போல்ட்டைத் திருப்பினா, அந்தச் சதுரம் மரத்தை நெம்பி, முன்கட்டையின் பின்பக்கம் கீறல் விழுந்துடும். முதல்ல முன்கட்டை, அப்புறம்தான் பின்கட்டை. இந்த வரிசையை மாத்தக்கூடாது.

—

பதில்: ஆரணி பழங்கடை

ஆர்மரர் ஐயா சொன்ன மரத்துப் பாடம் எந்தப் பலகைக்கும் பொருத்தமானது. நான் தோட்டாப் பக்கம் சொல்கிறேன், ஏனென்றால் "303" என்ற பெயரே அங்கிருந்துதான் வருகிறது: குழலின் உள்விட்டம் 0.303 அங்குலம், அதாவது 7.7 மி.மீ.

இந்தத் தோட்டா பிறந்தபோது கரிமருந்துக் காலம். 1888இல் மெட்ஃபோர்ட் அமைத்த குழலில், சன்னத்தைச் சுழலவைக்கும் உள்வரிகள் ஆழம் குறைவாக, வளைந்த விளிம்போடு இருந்தன. கரிமருந்தின் அழுக்கு அடையாமல் இருக்க அப்படி. பிறகு கார்டைட் என்ற புகையில்லா வெடிமருந்து வந்தது. அதன் சூடு அந்த மென்மையான வரிகளைச் சீக்கிரமே தின்றுவிட்டது. அதனால் என்ஃபீல்ட் தொழிற்சாலை ஐந்து வரி, கூரான விளிம்பு, இடப்பக்கச் சுழல், 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று புதிய குழலைக் கொண்டுவந்தது. லீயின் போல்ட், என்ஃபீல்டின் குழல், ஆகவே லீ-என்ஃபீல்ட். கார்டைட் என்பது தூள் அல்ல, சேமியா மாதிரி நீளக் குச்சிகள். கூட்டின் கழுத்தைக் குறுக்குவதற்கு முன்பே குச்சிக்கட்டை உள்ளே வைத்துவிடுவார்கள். அந்தக் கார்டைட்டை இந்தியாவில் செய்வதற்காகத்தான் நீலகிரியில் அருவங்காடு தொழிற்சாலை வந்தது. வேலூரில் மாட்டும் பலகையில் அந்தத் தமிழ்நாட்டுத் தொடர்பைச் சேர்த்தால் நன்றாக இருக்கும்.

1910இல் மார்க் 7 தோட்டா வந்தது. அதுவரை 215 கிரெயின் (சன்னத்தின் எடை அளவு) உருண்டை மூக்குச் சன்னம். இது 174 கிரெயின் கூர்மூக்கு, வினாடிக்குச் சுமார் 2,440 அடி வேகம். கூர்மூக்கின் நுனிக்குள் ஈயத்துக்குப் பதில் அலுமினியமோ மரநாரோ வைத்தார்கள். அதனால் எடை பின்பக்கம் தங்கியது. 1914இல் பிரான்ஸுக்குப் போன இந்தியப் படை மார்செய் துறைமுகத்தில் இறங்கியதும், பழைய துப்பாக்கிகளை வாங்கிக்கொண்டு மார்க் 7 தோட்டாவுக்கு ஏற்ற மார்க் 3 கொடுத்தார்கள். வந்து இறங்கிய ஊரில் புதுத் துப்பாக்கியைக் கையில் வாங்கி, குறி பழகக்கூட நேரமில்லாமல் குளிர்காலப் போருக்குப் போனவர்கள் அவர்கள். அந்த வரியைப் பலகையில் எழுதலாம், எழுத வேண்டும்.

இனி விளிம்பு. 303 கூட்டின் அடியில் வெளியே நீட்டிய விளிம்பு உண்டு. மேகசினில் ஒரு தோட்டாவின் விளிம்பு அடியில் இருக்கும் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும். பின்னால் மாட்டிவிட்டால் போல்ட் மேல் தோட்டாவைத் தள்ளும்போது கீழ்த் தோட்டாவும் சேர்ந்து இழுபடும், சிக்கிக்கொள்ளும். ஐந்து தோட்டாக்களைப் பிடிக்கும் சார்ஜர் கிளிப்பில் அவற்றை மேல், கீழ் என்று மாற்றிமாற்றி அடுக்குவார்கள், மூன்று கீழே, இரண்டு மேலே. அப்படி அடுக்கினால் கிளிப்பை எந்தப் பக்கம் வைத்தாலும் ஒழுங்காக இறங்கும். இரண்டு கிளிப் இறக்கினால் பத்து. மேகசின் கழட்டக்கூடியது என்றாலும் சிப்பாய்க்கு ஒரே மேகசின்தான், சுத்தம் செய்யத்தான் கழட்டுவார்கள், மாற்றி மாட்ட அல்ல. மேகசினின் மேல்உதடு தரையில் விழுந்து வளைந்துவிட்டால் அந்தத் துப்பாக்கி தோட்டா ஏற்றுவதில் தகராறு செய்துகொண்டே இருக்கும்.

நான்காவது படத்துக்கு வருகிறேன். 1962 சீனப் போரின்போது நம் ராணுவத்தின் பெரும்பகுதி 303தான் வைத்திருந்தது. அடுத்து வந்த எஸ்.எல்.ஆருக்கும் (தானே தோட்டா ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி) எல்.எம்.ஜிக்கும் (இலகு இயந்திரத் துப்பாக்கி) விளிம்பில்லாத 7.62 மி.மீ. தோட்டா. எஸ்.எல்.ஆர் எல்லாருக்கும் போதுமான அளவு வரும்வரை, அதே தோட்டாவைச் சுடும் போல்ட் துப்பாக்கி ஒன்று தேவைப்பட்டது. இஷாப்பூர் பழைய எஸ்.எம்.எல்.ஈ. வடிவத்திலேயே வலுவான எஃகில் புதிதாகச் செய்தது 2ஏ. பின்குறியை 2,000லிருந்து 800 மீட்டராகக் குறைத்தது 2ஏ1. விளிம்பில்லாத தோட்டாவை அடுக்குவதால் மேகசின் சாய்வில்லாமல் சதுரமாக இருக்கும். உங்கள் படத்தில் தெரிவது அதுதான்.

—

கேள்வி தொடர்ச்சி: கணியம்பாடி வாசகன்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மூணு விஷயம் பாக்கி. ஒண்ணு, ஒரு வீட்டுல பித்தளையில விரல் நீளத்துக்கு ஒரு குப்பி, மூடியோட அடியில சின்னக் கரண்டி. கூடவே முனையில பித்தளைக் குண்டு கட்டின ஒரு கயிறு. கண்ணாடிப் பெட்டியில வைக்கலாம்னு குடுத்தாங்க. ரெண்டு, இன்னொரு வீட்டு டிரங்குப் பெட்டியில ரெண்டு தோட்டா இருக்காம், அதையும் வைக்கச் சொல்றாங்க. மூணு, பலகைக்கு நான் எழுதின வரைவு கீழே, திருத்துங்க.

"வேலூர்க் கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று எழுந்த சிப்பாய்கள் முதல் இன்றைய வீரர்கள் வரை இந்த 303 துப்பாக்கியோடுதான் நம் மண்ணின் மைந்தர்கள் போரிட்டனர். பின்னாளில் பழைய 303 துப்பாக்கிகளின் குழலைக் குடைந்து 7.62 ஆக மாற்றினர். காவல் துறையிலும் இதே 303 பயன்பட்டது."

—

பதில்: ராணிப்பேட்டை ஆர்மரர்

தோட்டா முதல்ல. உரிமம் இல்லாம ஒரு தோட்டா வச்சிருந்தாலும் ஆயுதச் சட்டப்படி குற்றம், அது நூறு வருஷப் பழசா இருந்தாலும். பஸ்ஸுல எடுத்துக்கிட்டுப் போகாதீங்க, தேய்ச்சுப் பளபளப்பாக்காதீங்க, சுத்தியலால தட்டிப் பார்க்காதீங்க. இருக்கிற இடத்திலேயே விட்டுட்டு அந்த ஊர்க் காவல் நிலையத்துக்குச் சொல்லுங்க, அவங்க வந்து எடுத்துக்குவாங்க. கண்காட்சிக்கு மரத்துல கடைஞ்ச மாதிரி போதும். கூட்டின் நீளம் 56 மி.மீ., முழுத் தோட்டா 78 மி.மீ. சொன்னா கடைசல்காரர் செஞ்சு குடுத்துடுவார்.

குப்பியும் கயிறும் சட்டச் சிக்கல் இல்லாத பொருள், நல்ல பொருளும்கூட. குப்பி எண்ணெய்க் குப்பி, கரண்டி எண்ணெய் சொட்ட. மூடிக்கு அடியில தோல் வளையம் இருக்கும், காய்ஞ்சு போயிருந்தா பிடுங்காதீங்க. கயிறு புல்த்ரூ, குழலுக்குள்ள விட்டு இழுத்துத் துடைக்கறதுக்கு. ரெண்டும் பின்கட்டைக்குள்ள, அந்தப் பித்தளைக் கதவுக்குப் பின்னால இருக்கும். கயிறுல மூணு கண்ணி பாருங்க: குண்டுக்குப் பக்கத்துக் கண்ணி கம்பிவலைக்கு, நடுக் கண்ணி துடைக்கிற துண்டுத் துணிக்கு, கடைசிக் கண்ணி மாட்டிக்கிட்டா ஆர்மரர் (துப்பாக்கி பழுதுபார்க்கிறவர்) திருப்பி இழுக்க. துணி 4 அங்குலத்துக்கு 2 அங்குலம். அதைவிடப் பெரிசா வச்சா குழலுக்குள்ள கயிறு அறுந்துடும். போல்ட் பக்கத்திலிருந்து விட்டு வாய்ப்பக்கமா ஒரே இழுப்பா, நேரா இழுக்கணும். சாய்ச்சு இழுத்தா கயிறு குழல் வாயில பள்ளம் போட்டுடும், அப்புறம் அந்தத் துப்பாக்கி நேரா சுடாது.

பலகையில ஒரு வரி சேர்க்கலாம்: அந்தக் காலத்துக் கேப்பு, அதாவது தோட்டா அடியில மருந்தைப் பத்தவைக்கிற மூடி, வெடிச்சதும் குழல்ல ஒரு வகை உப்பு தங்கும். உப்பு எண்ணெயில கரையாது, தண்ணியில கரையும். அதனால சுட்டு முடிச்சதும் புனல் வச்சுக் கொதிக்கிற தண்ணியைக் குழல்ல ஊத்துவாங்க. குழல் சூடேறித் தானா காயும், அப்புறம் துடைச்சு எண்ணெய். தண்ணி ஊத்தாம வெறும் எண்ணெய் போட்டா, மேல பளபளன்னு இருக்கும், அடியில துரு தின்னுக்கிட்டிருக்கும்.

—

பதில்: அகழிக்கரை

வரைவில் மூன்று வாக்கியமும் திருத்தம் கேட்கிறது.

1806இல் கோட்டையில் இருந்தது தீக்கல் பூட்டு மஸ்கெட். வாய்வழியாகக் கரிமருந்தும் உருண்டையும் போட்டு, முக்கால் அங்குல உள்விட்டக் குழலில், வரிகள் இல்லாமல் சுடுவது. 303 வருவதற்கு 80 வருஷத்துக்கு மேல் இருக்கிறது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காதீர்கள். வேலூருக்குப் பொருத்தமான தொடக்கம் வேண்டுமானால் லாங் பஜார் மணிக்கூண்டுக் கல்வெட்டு இருக்கிறது: 1914-18 பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர் கொடுத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கிறது. அதுதான் முதல் படத்தின் காலம். கல்லில் உள்ளபடியே பார்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

2ஏ1 பழைய 303ஐக் குடைந்து செய்தது அல்ல. இந்தத் தப்பு எங்கும் பரவிக் கிடக்கிறது. 303 குழல் 7.7 மி.மீ., புதியது 7.62. பெரிய ஓட்டையைக் குடைந்து சின்ன ஓட்டையாக்க முடியாது. குழலும் பாடியும் புதிதாகச் செய்யப்பட்டவை. முத்திரையும் வேறு: பழைய இஷாப்பூர் துப்பாக்கியில் கழுத்துப் பட்டையில் கிரீடமும் "ஜி.ஆர்.ஐ." எழுத்தும், கீழே வருஷமும், "எஸ்.ஹெச்.டி. எல்.ஈ." என்ற எழுத்தும். குடியரசுக்குப் பிறகு சிங்கமுத்திரையும் "ஆர்.எஃப்.ஐ." எழுத்தும்.

குடைந்து மாற்றியது உண்மையில் வேறு ஒன்று, அது உங்கள் மூன்றாவது வாக்கியத்தில் வர வேண்டும். காவல் துறைக்கும் காவலாளிகளுக்கும் கொடுக்க, பழைய எஸ்.எம்.எல்.ஈ.யின் குழலை வரிகள் இல்லாத 410, அதாவது 0.410 அங்குல உள்விட்டம், ஆக்கினார்கள். மேகசின் இடத்தில் மரக்கட்டையை வைத்து அடைத்தார்கள். அதனால் ஒரு முறைக்கு ஒரு தோட்டாதான். துப்பாக்கி பறிபோனாலும் அது ராணுவத் துப்பாக்கியாகப் பயன்படக்கூடாது என்பது நோக்கம். வெளிப்பார்வைக்கு 303தான், மேகசின் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தால்தான் கட்டை தெரியும். போலீஸ் போட்டோக்களில் 303 என்று நாம் நினைப்பதில் சில இந்த 410 மஸ்கெட்டாக இருக்கும். முழு 303உம் காவல் துறைகளில் நீண்டகாலம் இருந்தது. உத்தரப்பிரதேசக் காவல் துறை 2020 குடியரசு நாளில்தான் அதற்கு விடைகொடுத்தது.

ஆகவே நான்காவது படத்துக்குக் கீழே "303" என்று போடாமல் "7.62 மி.மீ. 2ஏ1, இஷாப்பூர்" என்று போடுங்கள். இரண்டாவது படத்துக்கு "நம்பர் 4" போதும். மூன்றாவதில் கம்பி ஏன் சுற்றியிருக்கிறது என்பதை ஒரு வரியாவது எழுதுங்கள், பிள்ளைகள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.